தோல்விக்கு அஞ்சாத அபேட்சகர்: யூஜீன் டெப்ஸ் சரித்திரம்

வென்றவர்களுடைய சரித்திரங்களை எழுதுவோரும் படிப்போரும் உலகில் மிகப் பலர். தோற்றவர்களுடைய சரித்திரங்களை நாடுவோர் மிகச் சிலர். தேர்தல் முடிந்த மறுநாளில் வென்றவர் வீட்டு வாயிலில் மாலையும் மேளமும் வந்து நிற்கும். தோற்றவரோ தம் தெருவில் நடப்பதற்கும் கூசுவர். ஒரு முறை தோற்ற அபேட்சகர் மறுமுறையும் நிற்பாராயின் அவரைப் பதவியாசை பிடித்தவர் என்று நகைப்பர். மூன்றாம் முறையும் நிற்பாராயின் அவருடைய புத்தியையே ஐயுறுவர். உலகியல் இங்ஙனமிருக்க, தம் நாட்டின் தலைமைப் பதவிக்கு ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்ற ஒருவரை, அவர் இறந்து நூறாண்டளவாகியும் அந்நாட்டார் மறவாது நினைக்கின்றனர் என்றால், அவருடைய வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கதேயாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழிலாளர் தலைவராய் விளங்கிய யூஜீன் விக்டர் டெப்ஸ் என்பாரே அவர்.

நம் சங்கத்தார்க்கு இவர் சரித்திரம் வேறொரு வகையாலும் பயன்படும். சங்கம் கூடுவது எதன் பொருட்டு, அதன் வாயில் எவரெவர்க்குத் திறந்திருத்தல் வேண்டும் என்னும் வினாக்களை இவருடைய வாழ்க்கை நம் முன் வைக்கின்றது. அதனை உரிய இடத்திற் காண்போம்.

பிறப்பும் இளமையும்

டெப்ஸ் 1855 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5 ஆம் தேதி, இந்தியானா ராஜ்யத்தில் வாபாஷ் ஆற்றங்கரையிலுள்ள டெர ஹோட் என்னும் ஊரிற் பிறந்தார். இவருடைய பெற்றோர் பிரெஞ்சு நாட்டின் அல்சேஸ் பகுதியிலுள்ள கொல்மார் என்னும் ஊரினின்றும் அமெரிக்காவிற் சென்று குடியேறியவர்கள். மளிகைக் கடை ஒன்றே அக்குடும்பத்திற்கு ஆதாரம். தந்தையார் இலக்கியச் சுவை மிக்கவர். யூஜீன் சூ, விக்டர் ஹியூகோ என்னும் பிரெஞ்சு நாவலாசிரியர் இருவர் பெயரையும் சேர்த்துத் தம் மைந்தர்க்குச் சூட்டினார். ஏழை படும் பாடு என்ற பெயரால் சுத்தானந்த பாரதியார் தமிழிற் பெயர்த்த பெருங்கதையின் ஆசிரியர் அந்த ஹியூகோவே. பெயரளவில் நில்லாமல், அந்நூலின் உருக்கம் டெப்ஸின் உள்ளத்திலும் இளமை முதலே ஊறிற்று.

பதினான்காம் வயதில் இவர் பள்ளிப் படிப்பை விட்டு, ரயில்வேப் பட்டறையில் வேலைக்கமர்ந்தார். எஞ்சின்களிலும் வண்டிகளிலும் படிந்திருந்த பழைய வர்ணத்தைச் சுரண்டுவது வேலை. நாட்கூலி அரை டாலர். சில காலத்திற்குப் பின் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஆனார். அந்நாளில் அவ்வேலை உயிருக்கு உலை வைப்பதாயிருந்தது. தண்டவாளம் பழுதாகியும், பாலம் சரிந்தும், கொதிகலம் வெடித்தும் இறந்தவர் அளவிலர். மகனுக்கு என்ன நேருமோ என்று அன்னையார் இடையறாது வருந்தியமையால், 1874 ஆம் ஆண்டில் அவ்வேலையை விட்டு ஒரு மொத்த வியாபார மண்டியிற் கணக்கெழுதும் உத்தியோகத்தை ஏற்றார். உடல் ரயிலை விட்டு நீங்கிற்றேயன்றி உள்ளம் நீங்கவில்லை. 1875 ஆம் ஆண்டில் பயர்மேன்களின் சகோதர சங்கத்திற்குத் தம் ஊரில் ஒரு கிளை அமைந்தபோது, அதில் முதற்கண் சேர்ந்தவர்களுள் இவரும் ஒருவர். 1880 ஆம் ஆண்டில் அப்பெருஞ் சங்கத்திற்கே காரியதரிசியும் பொக்கிஷதாரரும் ஆகி, அதன் மாதப் பத்திரிகைக்கும் ஆசிரியரானார். அப்போது அவர்க்கு வயது 24.

முதற் பதவிகள்

பிற்காலத்துத் தோல்விகளையே கேட்டறிந்தவர்கள், இவர் ஒரு தேர்தலிலும் வெல்லத் தெரியாதவர் என்று எண்ணக்கூடும். உண்மை அஃதன்று. 1879 ஆம் ஆண்டில் டெமாக்ரடிக் கட்சியின் சார்பில் நின்று டெர ஹோட் நகரசபைக் குமாஸ்தா பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்; 1881 இல் மறுபடியும் வென்றார். அப்பதவியிலிருந்தபோது, போலீசார் பிடித்துவரும் விலைமாதர்க்கு அபராதம் விதிக்க அவர் இசையவில்லை. அப்பெண்டிரை நாடிச் சென்ற ஆடவரைப் பிடியாமல், ஏழைப் பெண்டிரை மட்டும் தண்டித்தல் நீதியாகாது என்பது அவர் கருத்து.

1884 ஆம் ஆண்டில் இந்தியானா ராஜ்யத்தின் சட்டசபைக்கு நின்று அதிலும் வெற்றி பெற்றார். வேலையிற் காயமுறும் ரயில் தொழிலாளர்க்குக் கம்பெனிகளே பொறுப்பாகி நஷ்டஈடு தருதல் வேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கீழ்ச்சபையில் நிறைவேறிய அம்மசோதாவை மேற்சபையார் வெட்டிக் குறைத்து, உயிர் நீங்கிய உடலாக்கிவிட்டனர். சட்டசபையில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் ஏழைக்கு நன்மை கிடைத்துவிடும் என்று நம்பியிருந்த இளைஞர்க்கு அஃது ஒரு பேரிடியாயிற்று. ஒரு தவணையோடு சட்டசபையை விட்டு நீங்கினார். மறுபடி நின்றிருப்பின் எளிதில் வென்றிருப்பார். பெருங்கட்சியின் நிழலில் மேலும் மேலும் உயர்ந்திருக்கவுங் கூடும். அவ்வழியைத் தாமே விலக்கினார் என்பதை மனத்துட்கொண்டு மேல்வரும் தோல்விகளை நோக்குதல் வேண்டும். 1885 ஆம் ஆண்டில் கேட் மெட்ஸல் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

தொழிலுக்கொரு சங்கம்

அக்காலத்து அமெரிக்க ரயில் தொழிலாளரிடையே, நம் நாட்டுச் சாதிப் பிரிவுகளை நினைப்பூட்டும் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் ஓட்டுவோர்க்கு ஒரு சங்கம், பயர்மேன்களுக்கு ஒரு சங்கம், கண்டக்டர்களுக்கு ஒரு சங்கம், பிரேக் பிடிப்போர்க்கு ஒரு சங்கம் என்று தனித்தனியே இருந்தன. ஓட்டுவோர் தம்மைக் கரி அள்ளுவோரினும் மேலானவராகக் கருதினர். தண்டவாளத்திற் கல் கொட்டும் கூலியாட்களையோ எவரும் சங்கத்தாராகவே எண்ணவில்லை. 1888 ஆம் ஆண்டில் பர்லிங்டன் ரயில்வேயில் ஓட்டுவோரும் பயர்மேன்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, பிற தொழிலாளர் அவர்களுடைய இடங்களை நிரப்பினர், வேலைநிறுத்தம் தோற்றது. ஒருவர் மற்றவர்க்குத் துணை நில்லாதபோது முதலாளி எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக வெல்லலாம் என்பதை டெப்ஸ் கண்டுகொண்டார்.

ஆதலின், நல்ல சம்பளமும் செல்வாக்கும் உடைய தம் பழைய பதவியைத் துறந்து, 1893 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிகாகோவில் அமெரிக்க ரயில்வே யூனியன் என்னும் புதிய சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சின் ஓட்டுவோர் முதல் தண்டவாளக் கூலிகள் வரை அனைவரும் அதில் ஒரே நிலையில் உறுப்பினர். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் 18 நாள் வேலைநிறுத்தம் செய்து, குறைக்கப்பட்ட கூலியைப் பெரும்பாலும் மீட்டது. அவ்வெற்றியால் ஒன்றரை லட்சம் பேர் வரை அதிற் சேர்ந்தனர்.

புல்மன் வேலைநிறுத்தம்

சிகாகோ நகரை அடுத்து ஜார்ஜ் புல்மன் என்னும் முதலாளி, ரயிலில் உறங்கிச் செல்லும் சொகுசு வண்டிகளைக் கட்டும் தொழிற்சாலையை நடத்திவந்தார். தொழிலாளர் வசிப்பதற்கென அவரே ஓர் ஊரையும் அமைத்தார். 1893 இல் நாடெங்கும் வியாபாரம் மந்தமுற்றபோது தொழிலாளரின் கூலியைக் குறைத்தார். அவர்கள் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வாடகை போகக் கையில் எஞ்சுவது அடுப்பெரியப் போதாதாயிற்று. 1894 ஆம் ஆண்டு மே மாதம் அவர்கள் வேலையை நிறுத்தினர். ரயில்வே யூனியன் அவர்களுக்குத் துணையாய், புல்மன் வண்டிகள் கோக்கப்பட்ட ரயில்களை ஓட்டுவதில்லை என்று ஜூன் மாதம் தீர்மானித்தது. சங்கம் இளமையானது, இப்போராட்டம் அதன் வலிமைக்கு மிஞ்சியது என்று டெப்ஸ் முதலில் தயங்கினார். பெரும்பான்மையோர் துணிந்தபின் தாமே முன்னின்று நடத்தினார்.

இங்குதான் நாம் சிறப்பாகக் கருதவேண்டிய நிகழ்ச்சி வருகின்றது. வேலைநிறுத்தம் தொடங்குமுன் அதே ஜூன் மாதத்தில் யூனியன் மாநாடு கூடிற்று. கருநிறத்தாரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டெப்ஸ் மன்றாடினார். புல்மன் வண்டிகளில் பிரயாணிகளுக்குப் பணி செய்துவந்தவர்கள் கருநிறத்தாரே. அவர்கள் வெளியே நிற்க, புல்மனோடு போராடுதல் எங்ஙனம் கைகூடும்? ஆயினும் சபையினர் வோட்டெடுத்து, சொற்ப வித்தியாசத்தில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று முடிவு செய்தனர். தொழிலால் உயர்வு தாழ்வு கூடாது என்று எழுந்த சங்கம், நிறத்தால் உயர்வு தாழ்வு பாராட்டிற்று. தன் வாயிலைத் தானே பாதி அடைத்துக்கொண்டு போர்க்களம் புகுந்தது.

ரயில்கள் நின்றன; சிகாகோவினின்று மேற்றிசைப் போக்குவரத்துப் பெரும்பாலும் முடங்கிற்று. ரயில்வேக் கம்பெனிகளின் நிர்வாகிகள் தமக்குள் ஒரு சங்கமாக ஒன்றுபட்டுநின்றனர். அவர்கள் ஒற்றுமையைப் பாருங்கள். அவர்களுக்குள் எத்துணையோ போட்டி இருந்தும், தொழிலாளரை எதிர்க்குங்கால் ஒரு முகமாயினர். தபால் போக்குவரத்துத் தடைப்படுகின்றது என்னும் காரணங் காட்டி மத்திய அரசாங்கம் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. இல்லினாய் ராஜ்யத்தின் கவர்னர் ஆல்ட்கெல்டு மறுத்துரைத்தும் கேளாது, பிரசிடெண்டு கிளீவ்லண்டு படைகளை அனுப்பினார். கலகத்திற் பலர் மாண்டனர். வேலைநிறுத்தம் முறிந்தது, யூனியனும் சிதறிற்று. தடையுத்தரவை மீறினார் என்று டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. கிளாரன்ஸ் டாரோ என்னும் பேர்பெற்ற வக்கீல் அவருக்காக வாதாடியும், 1895 ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அத்தண்டனையை உறுதிப்படுத்திற்று.

வெளியே நிறுத்தப்பட்ட கருநிறத்தாருட் சிலர், வேலைநிறுத்தத்தின்போது காலியான இடங்களில் வேலைக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு? உள்ளே வா என்று அழையாதவன், வெளியே நின்றவனைத் துரோகி என்றல் பொருந்துமோ? இப்பாடத்தை டெப்ஸ் மறக்கவில்லை. பிற்காலத்தில் தென்ராஜ்யங்களில் பேசச் சென்றபோது, கருநிறத்தாரைப் பிரித்து வைக்கும் கூட்டங்களிற் பேச மறுத்தார். தொழிலாளர் துயர் தீர்ந்தால் நிறத்தால் வரும் துயரும் தானே தீரும் என்று அவர் பெரிதும் நம்பியிருந்தார். அந்நம்பிக்கை போதியதன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. ஆனால் கதவை அடைத்தல் தவறு என்பதில் அவர் ஒருநாளும் தடுமாறவில்லை.

யூனியன் அழிந்தபின் அதன் கடன் எஞ்சி நின்றது. சட்டப்படி அவர் அதற்குப் பொறுப்பாளரல்லர். எனினும் ஊர்தோறுஞ் சென்று சொற்பொழிவு செய்து பெற்ற வருவாயைக்கொண்டு பல்லாண்டுகளாக அக்கடனை அடைத்துவந்தார். சங்கப் பணத்தைக் கையாளுவோர் அனைவரும் இதனை உள்ளத்திற் பதித்தல் நன்று.

ஐந்து தேர்தல்கள்

வுட்ஸ்டாக் சிறையில் டெப்ஸ் பல நூல்களைக் கற்றார். மில்வாக்கி நகரத்து விக்டர் பெர்கர் அங்கு வந்து, கார்ல் மார்க்ஸின் முதல் என்னும் நூலை அவர்க்குக் கொடுத்தார். விடுதலையான பின் 1896 ஆம் ஆண்டுத் தேர்தலில் டெமாக்ரடிக் கட்சி அபேட்சகரான பிரையன் என்பாரை ஆதரித்தார், அவர் தோற்றார். 1897 ஆம் ஆண்டில் டெப்ஸ் தம்மைச் சமதர்மக் கொள்கையினர் என்று வெளிப்படையாக அறிவித்தார். பெருந்தொழில்கள் தனியார் லாபத்திற்கன்றிப் பொதுமக்கள் நன்மைக்காக நடைபெறுதல் வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம்.

1900 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பிரசிடெண்டு பதவிக்கு நின்றார். கிடைத்த வோட்டுகள் ஏறக்குறைய 88,000. வென்றவர் மக்கின்லி. 1901 இல் அமெரிக்கச் சமதர்மக் கட்சி உருவாயிற்று. 1904 ஆம் ஆண்டில் அதன் சார்பில் நின்றபோது 4 லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுகள் பெற்றார். வென்றவர் தியோடர் ரூஸ்வெல்டு. 1908 ஆம் ஆண்டில், தொழிலாளர் அனுப்பிய சிறு சிறு தொகைகளைத் திரட்டி, ஒரு தனி ரயிலை வாடகைக்கமர்த்திச் சிவப்பு விசேஷ வண்டி என்று பெயரிட்டனர். அதிலேறி இரண்டு மாதங்களுக்கு மேல் நாடு முழுதும் சுற்றி, 300 க்கு மேற்பட்ட ஊர்களிற் பேசினார். வர்ணம் சுரண்டிய சிறுவன் தனி ரயிலில் பவனி வந்தான் என்று மக்கள் திரண்டு வந்து கண்டனர். கூட்டம் பெருகிற்று, வோட்டு அத்துணை பெருகவில்லை. சென்ற முறையினும் சிறிதே மிகுந்து, 4 லட்சத்து 20 ஆயிரம் அளவில் நின்றது. வென்றவர் டாப்ட்.

1912 ஆம் ஆண்டில் டாப்ட், ரூஸ்வெல்டு, வில்ஸன் என்னும் மூவரும் தம்முட் போரிட, நான்காமவராக டெப்ஸ் நின்றார். 9 லட்சம் வோட்டுகள் கிடைத்தன. அது மொத்த வோட்டில் நூற்றுக்கு 6 பங்கு. அந்நாட்டிற் சமதர்மக் கட்சி அபேட்சகர் ஒருவர் அத்துணைப் பங்கு பெற்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அக்கட்சியின் சார்பில் நகரத் தலைவர்களும் சபை உறுப்பினர்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அக்காலத்திற் பதவிகளில் இருந்தனர். 1916 இல் பிரசிடெண்டு பதவிக்கு நில்லாமல், தம் சொந்த ஜில்லாவினின்று காங்கிரஸ் என்னும் அந்நாட்டு மத்திய சட்டசபைக்கு நின்றார். அதிலும் தோற்றார்.

இத்துணைத் தேர்தல்களில் நின்றவர் எப்போதேனும் தாம் வெல்லக்கூடும் என்று நம்பினாரா? நம்பவில்லை. தேர்தற் காலத்தில் மட்டுமே மக்கள் அரசியலைக் காதுகொடுத்துக் கேட்கின்றனர். அக்காலத்திற் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே அவர் நோக்கம். தம்மை ஓர் இரட்சகராகக் கருதிப் பின்தொடர வேண்டா என்றும், தத்தம் அறிவைக்கொண்டு எழுதல் வேண்டும் என்றும் கேட்போர்க்கு எடுத்துரைத்தார். 1912 ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் அக்கட்சியார் கேட்டவற்றுட் சில: மகளிர்க்கு வோட்டுரிமை, சிறுவரைத் தொழிற்சாலையில் வேலை வாங்காமை, முதியோர்க்கு உதவிச் சம்பளம், வேலையற்றோர்க்குக் காப்பு, வருமானத்திற்கேற்ற வரி. அன்று பெருங்கட்சிகளிற் பலர் இவற்றுட் பலவற்றைப் பகற்கனவு என்று தள்ளினர்.

அவரிடம் குறைகளும் இருந்தன. கட்சிக்குள் பூசல் எழுந்தபோதெல்லாம் மாநாடுகட்குச் செல்லாமல் ஒதுங்கிவிடுவார். நடுநின்று தீர்க்கும் கடமையைப் பிறர்பால் விட்டுவிடுவார். மதுப்பழக்கமும் உண்டு. பேச்சின் சுமையால் உடல்நலங் குன்றிப் பல முறை படுக்கையிற் கிடந்தார். இக்குறைகளை மறைத்தல் சரித்திரமாகாது.

சிறையும் தேர்தலும்

1917 ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகுந்தது. போரை எதிர்த்துப் பேசுவோரைத் தண்டிக்க இடந்தரும் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. 1918 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் தேதி, ஓஹையோ ராஜ்யத்துக் காண்டன் நகரில், தம் கட்சியினர் மூவர் அடைபட்டிருந்த சிறைக்குச் சென்று அவர்களைக் கண்டு, பின்னர் அருகிலிருந்த பூங்காவிற் கூடிய மக்களிடம் போரைக் கண்டித்து டெப்ஸ் பேசினார். போரை மூட்டுவோர் செல்வர், மடிவோர் ஏழையர் என்பது அப்பேச்சின் கருத்து. இரு வாரங்களில் அவரைக் கைது செய்தனர். செப்டம்பர் மாதம் கிளீவ்லண்டு நகரில் விசாரணை நடந்தது. தாம் பேசியதை அவர் மறுக்கவில்லை. தம் தரப்பிற் சாட்சி எவரையும் அழைக்கவில்லை. ஜூரிகளை நோக்கித் தாமே எழுந்து நெடுநேரம் பேசினார். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1919 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒருமனதாக அதனை உறுதிசெய்தனர். 63 வயதில், அவ்வாண்டு ஏப்ரல் மாதம் அவர் சிறை புகுந்தார். முதலில் மௌண்ட்ஸ்வில் சிறையிலும், பின்னர் அட்லாண்டாவிலுள்ள மத்தியச் சிறையிலும் இருந்தார்.

1920 ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. சமதர்மக் கட்சியார் ஐந்தாம் முறையும் அவரையே அபேட்சகராகத் தேர்ந்தனர். கட்சியின் தூதுக்குழுவினர் சிறைக்கே சென்று அதனை அவர்க்கு அறிவித்தனர். அவருடைய கைதி எண் 9653. அவ்வெண்ணைப் பொறித்த சின்னங்களை ஆதரவாளர் சட்டையில் அணிந்தனர். வாரத்திற்கு 500 சொற்கள் கொண்ட ஓர் அறிக்கையை வெளியே அனுப்ப மட்டுமே அவர்க்கு அனுமதி. ரயிலில்லை, மேடையில்லை, தமக்குத் தாமே வோட்டளிக்கவும் வழியில்லை. எனினும் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு கைதிக்கு வோட்டளித்தனர். நாடெங்கும் மகளிர்க்கு வோட்டுரிமை கிடைத்தபின் நடந்த முதற் பிரசிடெண்டுத் தேர்தல் அது. ஆதலின் மொத்த வோட்டுகள் பெருகி, அவர் பங்கு நூற்றுக்கு 3.4 அளவாகக் குறைந்தது. வென்றவர் ஹார்டிங்.

பதவி முடிந்து செல்லும் பிரசிடெண்டு வில்ஸனிடம், அவருடைய அட்டர்னி ஜெனரலே டெப்ஸை விடுவிக்கலாம் என்று எழுதினார். வில்ஸன் மறுத்துவிட்டார். தமக்கு மன்னிப்பு வேண்டும் என்று டெப்ஸும் விண்ணப்பிக்கவில்லை. 1921 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வியப்பான ஒரு நிகழ்ச்சி நடந்தது. புதிய அட்டர்னி ஜெனரல் அவரைக் கண்டு பேச விரும்பி வாஷிங்டன் நகர்க்கு அழைத்தபோது, காவலர் எவருமின்றி அவர் தனியே ரயிலேறிச் சென்று, பேசி, மீண்டும் தாமே சிறைக்குத் திரும்பிவந்தார். அரசாங்கத்தின் பகைவர் என்று பத்தாண்டு தண்டிக்கப்பட்டவரின் வாய்ச்சொல்லை, அரசாங்கமே விலங்கினும் வலிதாக நம்பிற்று.

ஹார்டிங் அவருடைய தண்டனையைக் குறைத்து, 1921 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் தேதி விடுதலை செய்தார். அவர் வெளியே வருங்கால், உள்ளிருந்த கைதிகள் சாளரங்களில் நெருங்கி நின்று ஆரவாரித்தனர். சிறையில் தனிச் சலுகை வேண்டாது, திருடர்க்கும் கொலைஞர்க்கும் கடிதம் எழுதித் தந்தும் ஆறுதல் கூறியும் வாழ்ந்தவர்க்கு அவர்கள் செய்த மரியாதை அது. விடுதலையாகும் கைதிக்குத் தரும் ஐந்து டாலரை, வழக்கிற் சிக்கியிருந்த சாக்கோ, வான்ஸெட்டி என்னும் இரு தொழிலாளரின் வழக்குநிதிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் ஹார்டிங்கே அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கண்டார். எந்த மாளிகையைப் பெற ஐந்து முறை நின்றாரோ, அம்மாளிகையில் விருந்தினராகப் புகுந்து சற்றுநேரத்தில் வெளியே வந்தார்.

இறுதிக் காலம்

சிறைவாசம் அவர் உடலைப் பெரிதும் குலைத்துவிட்டது. சிறைகளின் கொடுமையைக் குறித்து அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1927 இல் வெளிவந்தது. 1924 ஆம் ஆண்டுத் தேர்தலில் தாம் நில்லாது, லா பாலட் என்பாரை ஆதரித்தார். 1926 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் தேதி, இல்லினாய் ராஜ்யத்து எல்ம்ஹர்ஸ்டிலுள்ள சிகிச்சை நிலையத்திற் காலமானார். அவருடைய உடல் டெர ஹோட்டிற்குக் கொணரப்பெற்றது; பின்னர் எரியூட்டப்பட்டு, அதன் சாம்பல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு 1966 ஆம் ஆண்டில் தேசியச் சரித்திரச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

அவர் தோற்ற தேர்தல்களிற் கேட்ட பொருள்கள் என்னவாயின? வருமான வரிக்கு இடந்தரும் அரசியல் திருத்தம் 1913 இல் வந்தது. மகளிர் வோட்டுரிமை 1920 இல் வந்தது. முதியோர்க்கு உதவிச் சம்பளமும் வேலையற்றோர்க்குக் காப்பும் தரும் சட்டம் 1935 இல் நிறைவேறிற்று. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்திக் கூலிக்கும் வேலை நேரத்திற்கும் எல்லை வகுத்த சட்டம் 1938 இல் வந்தது. இவற்றை நிறைவேற்றியவர்கள் வேறு கட்சியினர். இவற்றுக்காக உழைத்தவர் வேறு பலரும் உளர். எல்லாம் டெப்ஸ் ஒருவரால் வந்தன என்றல் மிகையாகும். ஆயினும், வெற்றியில்லை என்று தெரிந்தே அவர்க்கு வோட்டளித்த அந்த லட்சக்கணக்கான மக்கள் தம் வோட்டை வீணாக்கினர் என்று எவர் கூறவல்லார்? இத்துணைப் பேர் இதனை வேண்டுகின்றனர் என்பதை அரசாள்வோர்க்கு எண்ணிக் காட்டியது அந்த வோட்டே.

நாம் அறிய வேண்டுவது

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருத்தலை நாம் அறிவோம். முயல்வார்க்கு இடுக்கண் வருதல் இயல்பு என்பதும், அதற்குக் கலங்காமை முயற்சியின் ஒரு கூறே என்பதும் அம்முறைவைப்பால் விளங்கும். டெப்ஸின் வாழ்க்கை அவ்விரண்டு அதிகாரங்கட்கும் தக்கதோர் உதாரணம்.

நம் இளைஞருட் சிலரும் பொதுத் தேர்தல்களிலும், ஊராட்சித் தேர்தல்களிலும், நம் சங்கத் தேர்தல்களிலும் நிற்கின்றனர். நிற்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டுவது ஒன்று: நான் தோற்றாலும் நிற்கத் தக்க ஒரு பொருளைச் சொல்லுகின்றேனா? சொல்வதற்கு ஒன்றுமின்றி நிற்பவர் வென்றாலும் பயனில்லை. சொல்வதற்கு ஒன்று உடையவர் தோற்பாராயின் அவரை நகைத்தல் நமக்கு இழுக்கு. பெயருக்காகவும், பங்காளிப் பகைக்காகவும், எதிரியின் வோட்டைப் பிரிப்பதற்காகவும் மீண்டும் மீண்டும் நிற்போரை டெப்ஸோடு ஒப்பிடுதல் வேண்டா. அவர் நின்றதன் விலையைத் தம் உடலாலும் விடுதலையாலும் தாமே கொடுத்தார். பிறரைக் கொடுக்கச் செய்யவில்லை.

மற்றொன்று, முன்னர் உரைப்போம் என்று விட்டது. டெப்ஸைக் கோடிக்கணக்கான மக்கள் ஐந்து முறை தோற்கடித்தனர். அத்தோல்விகளால் அவர் கொள்கைக்குக் கேடு நேரவில்லை. அவரை உண்மையில் தோற்கடித்தது, 1894 ஆம் ஆண்டில் அவருடைய சங்கத்துக்குள்ளேயே, அவருடைய சொந்தச் சகோதரர்கள் அளித்த சில வோட்டுகளே. தம்மோடு உழைப்பவரை நிறம் பற்றி வெளியே நிறுத்திய அந்த வோட்டுகள் போர் தொடங்குமுன்பே சங்கத்தின் வலிமையைக் குறைத்துவிட்டன.

நம்முடையது ஒரு சாதியாரின் சங்கம். நம் பிள்ளைகளின் கல்விக்கும், நலிந்தோர் உதவிக்கும் நாம் கூடுதல் குற்றமாகாது. ஆனால் நம் ஊர்களில் நம்மோடு ஒரே வயலிலும், ஒரே ஆலையிலும், ஒரே பள்ளியிலும் உழைப்போரும் படிப்போரும் பிற வகுப்பினராக உளர். நமக்கு வரும் துன்பங்களிற் பெரும்பாலன அவர்க்கும் வருவன. அவர்க்கு வருவன நமக்கும் வருவன. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நம் நலத்தை மட்டும் காப்போம் என்றெண்ணுதல், பயணிகளுக்குப் பணி செய்வோரை வெளியே நிறுத்திப் புல்மனோடு போராடப் புகுந்தது போலாகும். அடுத்த முறை நம் சபையில், இவர் நம்மவரல்லர் என்று எவரையேனும் விலக்கும் தீர்மானம் வருமாயின், கை தூக்குமுன் அம்மாநாட்டின் வோட்டை ஒரு கணம் நினைத்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றேன்.